எஞ்சினும் எண்ணெயும்

மாட்டு வண்டிகள் நாடெங்கும் ஓடிய காலத்தில், வண்டிக்காரர் நெடும்பயணம் புறப்படுமுன் தவறாது செய்த வேலை ஒன்று உண்டு. கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து, அச்சின்மீது வண்டிமை தடவுவார். வைக்கோலைச் சுட்ட கரியை எண்ணெயிற் குழைத்து அம்மையைத் தாமே ஆக்கிக்கொள்வதும் உண்டு. மை உலர்ந்துபோன வண்டி ஊருக்குள் நுழையுமுன்னரே அதன் கிறீச்சொலி நுழைந்துவிடும். அச்சு தன் குறையைத் தானே கூவி உரைத்தமையால், வண்டிக்காரர் அதனை மறந்திருக்க இயலாது. இக்காலத்து மோட்டார் காரின் எஞ்சின் அவ்வாறு கூவுவதில்லை. அதனுள் இருக்கும் எண்ணெய் நாள்தோறும் கெட்டுக்கொண்டே வரும். வண்டியோ நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். எஞ்சின் ஒலியெழுப்பி முறையிடத் தொடங்கும்போது, எண்ணெய் மாற்றித் தீர்க்கக்கூடிய நிலையை அது பெரும்பாலும் கடந்திருக்கும்.

எஞ்சினுக்குள் நிகழ்வதை நோக்கினால் எண்ணெயின் அருமை விளங்கும். உருளை வடிவமான அறைகளில் பிஸ்டன்கள் மேலும் கீழுமாக இயங்குகின்றன. அவ்வியக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு எனப்படும் வளைந்த எஃகுத் தண்டாகும். நெடுஞ்சாலையிற் செல்லும் ஒரு காரில் அத்தண்டு நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்ளலாம். அஃதாவது, கண்ணிமைக்கும் ஒரு நொடிப்பொழுதில் அது 50 முறை சுழல்கிறது. ஒவ்வொரு பிஸ்டனும் 50 முறை ஏறி 50 முறை இறங்குகிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் 1,80,000 சுற்றுகள் ஆகின்றன. எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 பாகை செல்சியசையும் கடப்பது. உலோகம் உலோகத்தைத் தொட்டவாறே இங்ஙனம் இயங்குமாயின், உராய்வினாற் சூடேறி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சிறிது நேரத்தில் எஞ்சின் அசையாது நின்றுவிடும். 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்று பட்டறையினர் கூறுவது இந்நிலையையே ஆகும்.

அவ்வாறு நில்லாமைக்குக் காரணம், அவ்வுலோகங்கள் ஒன்றையொன்று தொடாமையே. இவ்வுண்மை தற்செயலாக வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1880-களில் இலண்டன் மாநகரின் எந்திரப் பொறியாளர் கழகம், எண்ணெயும் உராய்வும் பற்றி ஆராயும் பொறுப்பைப் போஷாம்ப் டவர் என்னும் பொறியாளரிடம் ஒப்படைத்தது. இரயில் வண்டியின் அச்சைப் போன்ற ஓர் அச்சைச் சுழலவிட்டு, அதன்மேல் ஒரு பித்தளைத் தாங்கியை அமர்த்தி, அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் தோயுமாறு அவர் ஏற்பாடு செய்திருந்தார். பின்னர், தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கென ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றபோது, அத்துளை எண்ணெயை உட்கொள்ளவில்லை. மாறாக, கீழிருந்த எண்ணெய் அதன் வழியே மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அதனை அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் அங்கே இருந்தது! தாங்கியின்மேல் ஏற்றப்பட்டிருந்த சுமை முழுவதையும் எண்ணெயே தூக்கி நிறுத்தியிருந்தது என்பது அப்போது தெரியவந்தது. டவரின் முதல் அறிக்கை 1883-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மான்செஸ்டர் நகரிற் பேராசிரியராக விளங்கிய ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்பார் 1886-ஆம் ஆண்டில் இதற்குக் கணித வாயிலாக விளக்கங் கண்டார். சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகிவரும் இடுக்கினுள் இழுத்துச் செல்கிறது. நுழைந்த எண்ணெய் எளிதில் வெளியேற இயலாமையால் ஆப்புப்போல அமைந்து அழுத்தம் பெற்றுச் சுமையைத் தாங்குகிறது. காரின் கிராங்க் தண்டும் இம்முறையிலேதான் தன் தாங்கிகளில் மிதக்கிறது. இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தின் பருமன் பல வேளைகளில் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பல்லாயிரம் ரூபாய் பெறுமான எஞ்சின் ஒன்று, கண்ணுக்குப் புலனாகாத இப்படலத்தின்மேல் வாழ்கிறது என்பது வியப்பன்றோ!

எண்ணெயை இடைவிடாது ஊட்டும் வழி காண்பதும் எளிதாக அமைந்துவிடவில்லை. பழைய நீராவி எஞ்சின்களை அடிக்கடி நிறுத்தி, ஆள் இறங்கி எண்ணெய் இடவேண்டியிருந்தது. அமெரிக்க இரயில்வேயில் கரி தள்ளி எண்ணெயிடும் தொழிலாளியாக வேலைபார்த்த எலைஜா மெக்காய், ஓடும்போதே எண்ணெய் சொட்டும் கருவியை அமைத்து 1872-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அடிமைத்தளையினின்று தப்பிக் கனடா சென்ற பெற்றோர்க்குப் பிறந்தவர் அவர். ஸ்காட்லாந்தில் பொறியியல் பயின்றவர். நிறவேற்றுமை காரணமாகப் பொறியாளர் வேலை கிட்டாமையால் கரி தள்ளும் வேலையை ஏற்றவர், அவ்வேலையின் குறையையே கண்டு தீர்த்தார். 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்டு 'டி' வகைக் காரிலோ எண்ணெய்ப் பம்பு இல்லை. சுழலும் சக்கரம் எண்ணெயை வாரி இறைக்க, அது பட்ட இடமே பேறு பெற்ற இடம் என்னும் அளவில் அமைந்திருந்தது.

இக்காலக் கார்களில், எஞ்சினின் அடியில் சம்ப் எனப்படும் தட்டில் எண்ணெய் தங்குகிறது. பம்பு அதனை உறிஞ்சி வடிகட்டியின் வழியே செலுத்தித் தாங்கிகளுக்கும் மேலுள்ள வால்வுகளுக்கும் அனுப்புகிறது. தன் வேலையை முடித்த எண்ணெய் வழிந்து மீண்டும் தட்டை அடைகிறது. உராய்வைத் தடுப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. பிஸ்டன்களின் வெப்பத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். பிஸ்டன் வளையங்களுக்கும் சுவருக்கும் இடையே வாயு கசியாது காக்கும். எரிபொருளின் கரியையும் உலோகத் துகளையும் கழுவித் தன்னோடு சுமந்து வரும். வீட்டைக் கூட்டிய துடைப்பத்தில் அழுக்குச் சேர்வது போல, எஞ்சின் தூய்மையாக இருத்தற்பொருட்டு எண்ணெய் அழுக்காகிறது. ஆதலின், எண்ணெய் கறுத்திருப்பதை மட்டுங் கண்டு அது கெட்டதென அஞ்ச வேண்டுவதில்லை. டீசல் எஞ்சினில் புத்தெண்ணெய் ஊற்றிய சில நாட்களிலேயே அது கறுத்துவிடும்.

எனினும், சுமப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணெயுடன் சேர்க்கப்பட்டுள்ள பல வேதிப்பொருள்கள், அழுக்கைப் படியவிடாது மிதக்கவைப்பவை, அமிலத்தை அடக்குபவை, தேய்மானத்தைத் தடுப்பவை எனப் பலதிறத்தன. அவை சிறிது சிறிதாகச் செலவழிந்துபோகின்றன. வெப்பத்தால் எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடிக் கெட்டியாகிறது. குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் நன்கு சூடேறுவதில்லை. அதனால், எரிதலில் உண்டாகும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் சென்று திரும்பும் காரின் எண்ணெய், நெடுஞ்சாலையில் ஓடும் காரின் எண்ணெயினும் விரைந்து கெடுதல் இக்காரணம் பற்றியே. வண்டி அதிகம் ஓடவில்லையே என்று இரண்டு மூன்று ஆண்டுகள் எண்ணெய் மாற்றாமல் இருப்பவர் இதனை அறிதல் நன்று. இன்றைய கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முன்னர் வருகிறதோ அதுவே கெடுவாகக் குறிக்கப்பட்டுள்ளது. பழைய வண்டிகளுக்கு இக்கெடு இன்னும் குறுகியது.

வடிகட்டியின் கதை எண்ணெயின் கதையினும் பிற்பட்டது. தொடக்ககாலக் கார்களில் அஃது இல்லை. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்பார் கார் எஞ்சினுக்கு உரிய எண்ணெய் வடிகட்டியை 1920-களின் தொடக்கத்தில் அமைத்தார். இன்று பெரும்பாலும் காணப்படுவது, கைக்கு அடங்கும் தகரக் குவளை போன்ற ஒன்று. அதனுள்ளே மடிப்பு மடிப்பாக அமைந்த தாள் எண்ணெயிலுள்ள துகள்களைப் பிடித்து நிறுத்துகிறது. அத்தாள் முற்றும் அடைபட்டுவிட்டால் என்னாகும்? அதற்கெனவே அதில் ஒரு சிறு வால்வு உண்டு. அடைப்பு மிகுந்தால் அது திறந்து, வடிகட்டப்படாத எண்ணெயை நேரே எஞ்சினுக்கு விடும். எண்ணெயே கிடையாமையினும் அழுக்கெண்ணெயேனும் கிடைப்பது மேல் என்பது அதனை அமைத்தவர் கருத்து. ஆயினும், அந்நிலையில் ஓடும் வண்டி வடிகட்டி இல்லாத வண்டியே ஆகும். எண்ணெயை மாற்றி வடிகட்டியை மாற்றாது விடுவது, குளித்தபின் அழுக்காடையையே மீண்டும் உடுத்துவதை ஒக்கும்.

எண்ணெய்க் கலத்தின்மேல் '5டபிள்யூ-30', '20டபிள்யூ-40' என்றாற்போல எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 1905-ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க மோட்டார் பொறியாளர் கழகம் 1911-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த தரப்பகுப்பிலிருந்து வளர்ந்தவை இவை. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், எண்ணெய் குளிர்ந்தபோது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். அவ்வெண் குறையக் குறைய எளிதாக ஓடும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய நிலையில் எண்ணெயின் பாகுத்தன்மையைக் காட்டும். எண் மிகுந்தால் எண்ணெய் தடித்தது என்பது பொருள். இவ்வெண்கள் வெப்ப அளவுகள் அல்ல. நம் நாட்டு வெயிலுக்குத் தடித்த எண்ணெயே ஏற்றது என்று சிலர் கூறுவர். இக்கூற்று புதிய எஞ்சின்களுக்குப் பொருந்துவதன்று. அவற்றின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. அவ்விடைவெளிக்கு ஏற்ற எண்ணெயையே வண்டியைச் செய்தவர் கைந்நூலிற் குறித்துள்ளார். எந்த எண்ணெய், எவ்வளவு எண்ணெய் என்னும் இரண்டிற்கும் கடைக்காரர் சொல்லினும் கைந்நூலே சான்று. சிறு கார்களுக்குப் பெரும்பாலும் ஏறத்தாழ 3 லிட்டர் தேவைப்படும்.

எண்ணெய் மாற்றுவது தேர்ந்த தொழிலாளர்க்கே உரிய அரிய வித்தை அன்று. பொறுமையும் தூய்மையும் உடைய எவரும் வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரத்திற் செய்து முடிக்கலாம். ஏற்ற அளவுள்ள ஸ்பானர், வடிகட்டியைக் கழற்றும் பட்டை, பழைய எண்ணெயை ஏந்த அகன்ற தட்டு, புனல், புதிய வாஷர், கையுறை, துடைக்கப் பனியன் கழிவுத்துணி ஆகியவை போதும். வண்டியின் உறுதிமொழிக் காலம் முடியவில்லையாயின், தாமே மாற்றுதல் அவ்வுறுதிமொழிக்கு ஊறு செய்யுமா என்பதை முன்னரே கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை.

இவ்வேலையில் உயிருக்கு இடர் நேரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அதுவே முதலில் வருகிறது. வடிமூடி எஞ்சினின் அடியில் இருப்பதால், பல கார்களின் முன்பகுதியை உயர்த்தியே அதனை அணுக முடியும். வண்டியோடு தரப்படும் ஜாக்கி, சக்கரம் மாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ உடலையோ நுழைத்தல் ஒருபோதும் கூடாது. ஒரு டன்னுக்கு அணித்தான எடை, அந்த ஒற்றைக் காலின்மேல் நிற்கிறது. சிறிது சாய்ந்தாலும் அது கவிழும். அங்ஙனம் கவிழ்ந்த வண்டிகளின் அடியில் உயிரிழந்தோர் பலர். ஆதலின், சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, கையடக்கத் தடையை இழுத்து, கியரில் இட்டு, தரையிலேயே இருக்கும் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தியவுடன் இருபுறமும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் வண்டியை இறக்கி அமர்த்த வேண்டும். செங்கற்களும் உள்ளீடற்ற சிமெண்டுக் கற்களும் ஸ்டாண்டு ஆகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். சாக்கடை மூடிய கற்பலகை, மழையில் ஊறிய மண் ஆகியவற்றின்மேல் ஜாக்கி வைத்தலும் தீது. அமர்த்தியபின், அடியிற் செல்லுமுன், வண்டியைக் கையால் அழுத்தி அசைத்துப் பார்க்க வேண்டும். அசையுமாயின் மீண்டும் தொடக்கத்திலிருந்தே செய்ய வேண்டும். மாணவர்கள் இவ்வேலையிற் பங்குகொள்ளலாம். ஆனால், வண்டிக்கு அடியிற் செல்வது பெரியவர் பொறுப்பாகவே இருத்தல் வேண்டும்.

எண்ணெய் இளஞ்சூட்டில் இருந்தால் நன்கு ஓடும். அடியிற் படிந்த அழுக்கையும் அரித்துக்கொண்டு வெளியேறும். இதற்கென எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் அளவிற்கு ஆறவிடுவர். நெடும்பயணத்திலிருந்து வந்த உடனே மூடியைத் திறப்பவர் கை வெந்துபோகும். அருகில் செல்லும் புகைக்குழாயும் அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்தால் காற்று உட்சென்று எண்ணெய் தடையின்றி வடியும்.

இனி, வடிமூடி எது என்பதில் ஐயமற இருத்தல் வேண்டும். எஞ்சினை அடுத்தே கியர்ப் பெட்டி இருக்கிறது. அதற்கும் அடியில் ஒரு மூடி உண்டு. அவசரத்தில் அதனைத் திறந்து கியர் எண்ணெயை வடித்துவிட்டு, எஞ்சினில் மேலும் 3 லிட்டர் ஊற்றியவர்கள் உண்டு. எஞ்சினோ இருமடங்கு எண்ணெயில் மூழ்கித் திணறும்; கியர்ப் பெட்டியோ ஒரு துளியுமின்றித் தேயும். ஒரே பிழையில் இரண்டு பொறிகளும் கெடுதற்கு இதனைவிட எளிய வழி இல்லை. வடிந்த எண்ணெய் கறுப்பாக இல்லாமல் வேறு நிறமாகத் தோன்றினால், மேற்செல்லாது நின்று ஆராய்தல் வேண்டும்.

மூடியின் தலையை நேர்நோக்கி, ஸ்பானரை இடஞ்சுழியாகத் திருப்பினால் அது தளரும். தளர்ந்தபின் விரல்களால் மெல்லச் சுழற்றி, உள்நோக்கி அழுத்தியவாறே கடைசி மரைவரை கொண்டுவந்து, சட்டென விலக்கிக்கொள்வது பழகிய கை. முதலில் எண்ணெய் நேர்கீழே விழாது. சற்று அப்பாற் பீறிடும். அதனை எதிர்பார்த்தே தட்டை வைக்க வேண்டும். பின்னர் அது நூலாக மெலிந்து, துளித்துளியாகச் சொட்டும். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடலாம்.

அந்தக் கால் மணி நேரம் வீணாவதன்று. பழைய எண்ணெய் எஞ்சினின் உள்நிலையை உரைக்கும் சான்றாகும். கறுத்திருப்பின் இயல்பே. மோர் கலந்ததுபோல வெளிறிக் கலங்கியிருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். பெட்ரோல் நாற்றம் மிகுந்திருந்தால் எரிபொருள் சரிவர எரியவில்லை. வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்க்கும்போது பொற்பொடிபோல மின்னும் துகள்கள் மிதக்குமாயின், தாங்கிகள் தேய்ந்து வருகின்றன என்பது கருத்து. இந்நிலைகளில் புத்தெண்ணெய் மட்டும் போதாது. தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு மாலையில் பணங் கொடுத்துத் திரும்பப் பெறுபவர்க்கு இச்சான்றைக் காணும் வாய்ப்பு இல்லை.

அடுத்து, வடிகட்டி. கையால் திருகினால் வராதெனின், பட்டையைச் சுற்றித் திருப்பிக் கழற்றுவர். கழற்றும்போது அதனுள்ளிருக்கும் எண்ணெயும் வழியும். இங்கே மிகுந்த விழிப்பு வேண்டும். வடிகட்டியின் விளிம்பில் கறுப்பு நிறமான ரப்பர் வளையம் ஒன்று உண்டு. நாட்பட்ட வளையம் சில வேளைகளில் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அதன்மேற் புதிய வளையமும் அமர்ந்தால், தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே தோன்றும்; ஓட்டத் தொடங்கி அழுத்தம் ஏறியதும் இரட்டை வளையம் பிதுங்கி, எண்ணெய் முழுவதும் சில நிமிடங்களில் சாலையிற் கொட்டிப்போகும். ஓட்டுபவர் முன்னுள்ள சிவப்பு விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்துவதற்குள் எஞ்சின் பாழாகும். நூறு ரூபாயும் பெறாத ஒரு ரப்பர் வளையம் செய்யும் கேடு இத்தகையது! ஆதலின், கழற்றிய வடிகட்டியில் பழைய வளையம் இருக்கிறதா என்று முதலிற் பார்த்து, எஞ்சினின் முகத்தையும் துணியால் துடைத்து, விரலால் தடவி அறிதல் வேண்டும். புதிய வளையத்தின்மேல் ஒரு துளி புத்தெண்ணெய் தடவி, கையாலேயே திருகி, வளையம் முகத்தைத் தொட்டபின் ஏறத்தாழ முக்காற் சுற்று இறுக்கினால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். சரியான அளவு வடிகட்டியின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பட்டை கழற்றுவதற்கே உரியது, இறுக்குவதற்கு அன்று.

வடிமூடிக்குப் புதிய வாஷரை இட்டு, அதனையும் முதலில் விரல்களாலேயே திருக வேண்டும். பல எஞ்சின்களின் தட்டு அலுமினியத்தால் ஆனது, மூடியோ எஃகு. கோணலாகப் பூட்டி ஸ்பானரால் வலிந்து இறுக்கினால், மென்மையான அலுமினிய மரை அறுந்துபோகும். வலிமையுள்ளவர்களே இப்பிழையை மிகுதியாகச் செய்கின்றனர். இறுக்க அளவைக் காட்டும் ஸ்பானர் இருந்தால், கைந்நூலிற் கண்ட அளவுக்கு இறுக்கலாம்.

பின்னர், ஸ்டாண்டுகளை நீக்கி வண்டியைச் சமதரையில் இறக்கி, குறித்த அளவிற்குச் சிறிது குறைவாக எண்ணெய் ஊற்றி, அளவுக்கம்பியை உருவித் துடைத்து மீண்டும் இட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெயின் தடம் இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் முறை. குறைந்தால் எஞ்சின் வாடும் என்பது எல்லாரும் அறிந்ததே. மிகுந்தால் நன்மை என்று கருதுவோரும் உளர், அது தவறு. மேற்குறிக்கு மேல் உயர்ந்த எண்ணெயைச் சுழலும் கிராங்க் தண்டு மத்துப்போலக் கடைந்து நுரையாக்கும். நுரையில் இருப்பது காற்று. காற்றால் சுமை தாங்கும் படலத்தை அமைக்க இயலாது. எஞ்சினை முடுக்கியதும் எண்ணெய் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணைந்தபின் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, அடியிற் கசிவு உண்டா எனக் கண்டு, நிறுத்திச் சிறிது பொறுத்து மீண்டும் அளந்தால் அளவு சற்றுத் தாழ்ந்திருக்கும். புதிய வடிகட்டி தன் பங்கைக் குடித்திருப்பதே காரணம். குறைந்ததை நிரப்பி, நாளையும் கிலோமீட்டர் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பர். இரவு வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்தால், மறுநாட் காலையில் ஒரு துளிக் கசிவும் மறையாது தெரியும்.

எஞ்சின் வேலை இவ்வளவில் முடிந்தாலும் எண்ணெய் வேலை முடியவில்லை. தட்டில் 3 லிட்டர் கறுப்பெண்ணெய் இருக்கிறது. இதனைத் தெருச் சாக்கடையில் ஊற்றுவோரும், முற்றத்து மண்ணில் கொட்டுவோரும் உளர். செம்மண் சாலையில் தூசி அடங்கத் தெளிப்பதும், கறையானுக்கு அஞ்சி மரத்தூண்களிற் பூசுவதும் பல ஊர்களில் நெடுநாளைய வழக்கம். இவ்வெண்ணெயில் எஞ்சினிலிருந்து தேய்ந்த உலோகங்களும், எரிதலில் உண்டாகிய நச்சுப்பொருள்களும் கலந்துள்ளன. தோலில் நெடுங்காலம் பட்டுவந்தால் புற்றுநோயும் விளையக்கூடும். கையுறை வேண்டும் என்றது இதுபற்றியே. ஒரு காலன் பழைய எண்ணெய் பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. அந்தக் கணக்குப்படி, ஒரு சிறு காரின் 3 லிட்டர் 30 இலட்சம் லிட்டர் நீருக்குப் பகையாகும். முற்றத்திற் கொட்டியவர் வீட்டுக் கிணறு பெரும்பாலும் அதே முற்றத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தீங்கு விளைக்கும் கழிவுகள் பற்றிய விதிகள் பழைய எண்ணெயையும் உள்ளடக்கியவை. வீட்டில் மாற்றியவர் செய்யவேண்டுவது எளிதே. புத்தெண்ணெய் வந்த கலமே வெறுமையாக இருக்கிறது. அதிலேயே பழையதை ஊற்றி மூடலாம். பெட்ரோலோ நீரோ வண்ணப்பூச்சோ அதிற் கலத்தல் கூடாது. கலந்தால் அதனைத் தூய்மைப்படுத்துதல் அரிதாகும். கழற்றிய வடிகட்டியையும் கவிழ்த்து ஓரிரவு வைத்தால் அதனுள் எஞ்சிய எண்ணெய் வடியும். அதனையும் கலத்திற் சேர்த்து, பழைய எண்ணெயைத் திரட்டி வைக்கும் பட்டறையிற் சேர்ப்பிக்கலாம். பட்டறையில் சேரும் எண்ணெய், உரிமம் பெற்ற ஆலைக்குச் செல்லும்போது, நீரும் அழுக்கும் நீக்கப்பட்டு, குறைந்த அழுத்தத்திற் காய்ச்சி வடிக்கப்படுகிறது. எஞ்சினிற் கெட்டவை பெரும்பாலும் சேர்க்கைப் பொருள்களே. எண்ணெயின் அடிப்படைப் பொருள் அவ்வளவாகத் தேய்வதில்லை. வடித்தெடுத்த எண்ணெயோடு புதிய சேர்க்கைப் பொருள்களைக் கலந்து, மீண்டும் கலங்களில் அடைத்து, 5டபிள்யூ-30 என்றோ 20டபிள்யூ-40 என்றோ எண்ணிட்டுக் கடைக்கு அனுப்புகின்றனர்.